பத்து சென்டி

எங்கள் பட்டறையில் சொந்தப் பெயரோடு ஒருவனும் பிழைக்க முடியாது. வந்த ஒரு வாரத்துக்குள் யாராவது ஒரு பெயரை ஒட்டிவிடுவார்கள். எனக்கு ஒட்டியது 'வார்னிஷ்'. முப்பது வருஷமாக, கிட்டே வந்தவன் மூக்கைப் பிடிக்கிற அளவுக்கு நாறிக்கொண்டிருக்கிறேன். வேறென்ன பெயர் வைப்பார்கள்? மற்றவர்கள் அறுத்து, இழைத்து, ஸ்க்ரூ முடுக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அவர்கள் செய்த கோணல்மாணல் எல்லாம் கடைசியில் மெருகு போட என் கைக்குத்தான் வரும். அதனால் எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் செய்வது கடைகளுக்கான உள்வேலை. நாலு சுவரும் ஒரு ஷட்டரும் மட்டும் இருக்கிற வெறும் அறையைக் கொடுத்தால் அலமாரி, கவுண்டர், இழுப்பறை, கண்ணாடித் தட்டு எல்லாம் பட்டறையிலேயே செய்து, வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், பொருத்தி, கடையாக்கித் திருப்பிக் கொடுப்போம். பட்டறையை நடத்துவது ஒரு அம்மாள். வீட்டுக்காரர் தொடங்கிய பட்டறை. அவர் போனபிறகு இவர் கைக்கு வந்து இரண்டு மடங்காகிவிட்டது. முதலாளியம்மா என்றுதான் எல்லாரும் சொல்வோம். கோபம் வந்தால் கத்த மாட்டார். குரல் இறங்கிவிடும். அது இறங்க இறங்க நாங்கள் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிடுவோம்.

இந்தப் பட்டறையில் இரண்டாம் வருஷம் தொழில் பழகிக்கொண்டிருக்கிற பெண் ஒருத்தி. கொண்டையில் எப்போதும் பென்சிலைச் செருகியிருப்பாள், அதனால் 'பென்சில்'. பத்தொன்பது வயது. கை சுத்தம். என் வீட்டுக்குக் கீழ்வீடுதான் அவர்கள் வீடு. நான் ஏறிப்போகிற இரும்புப் படி அவர்கள் சமையலறை ஜன்னலை உரசிக்கொண்டு போகிறது. காதைப் பொத்திக்கொண்டா படி ஏற முடியும்? அந்த வீட்டில் நடப்பது எனக்குத் தெரியாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை காலை பென்சில் பட்டறைக்குள் நுழைந்தாள். அவளுக்கு இருபதடி பின்னால், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் பளபளக்கிற செருப்புமாக ஒருவர் வந்து வாசலிலேயே நின்றார். அவளுடைய அப்பா. வயது நாற்பத்து மூன்று. பதினெட்டு வருஷம் ஒரே துணிக்கடையில் வேலை பார்த்தவர். கடையை விற்றுவிட்டார்கள், அந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். ஏழு மாதம் எங்கெங்கோ வேலை கேட்டுப் போனார். வயதைக் கேட்டதும் எல்லாரும் மரியாதையாக டீ கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கடைசியில் மகள் வேலை பார்க்கிற பட்டறையிலேயே தொழில் பழக வந்து நிற்கிறார்.

"உங்களுக்கு வயசு என்னன்னு தெரியுமா?" என்று கேட்டார் முதலாளியம்மா.

"தெரியும்மா. அதைத் தவிர வேற ஏதாச்சும் குறை இருந்தா சொல்லுங்க, சரி பண்ணிக்கிறேன்."

அந்த அம்மாள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். "மூணு மாசம் பாப்போம். மூணாம் மாசக் கடைசிச் சனிக்கிழமை சொல்றேன், இருக்கீங்களா கிளம்புறீங்களான்னு. உங்க பொண்ணு சொல்லிக்கொடுக்கட்டும்."

சொல்லிக்கொடுப்பது மகள், கேட்டுக்கொள்வது அப்பா. முதல் நாளே வினை ஆரம்பித்தது. "பாப்பா, இதை எங்க வைக்கிறது?" என்று பட்டறை நடுவில் நின்று கேட்டுவிட்டார். அவ்வளவுதான்! ஒரு வாரத்துக்கு, தாடி வைத்தவனும் தொப்பை வைத்தவனும் "பாப்பா, ஸ்க்ரூ எங்க? பாப்பா, பசை எங்க?" என்று அவளை வறுத்தெடுத்தார்கள். அவள் முகம் மிளகாய்ப் பழமாகிவிட்டது. அவருக்குப் பெயர் வைப்பதில் யாருக்கும் சிரமமே இருக்கவில்லை. ஜவுளி.

ஜவுளிக்கு அளக்கத் தெரியும். பதினெட்டு வருஷம் அளந்தவர். ஆனால் துணிக்கடையில் வாடிக்கையாளர் முகம் மலர வேண்டும் என்று ஒரு விரற்கடை கூடவே கிழித்துக் கொடுத்துப் பழகிய கை. இங்கேயும் எல்லாப் பலகையையும் ஒரு விரல் கூடவே அறுத்துவைத்தார். மரத்தில் அந்தத் தாராளம் செல்லாது. கூடுகிற ஒரு விரலை மறுபடி அறுக்க வேண்டும், இழைக்க வேண்டும், அதற்குள் மதியம் ஆகிவிடும்.

அதைவிட அவரைப் பாடாய்ப் படுத்தியது டேப் பிடிக்கிற முறை.

"முனையில பிடிக்காதீங்கப்பா," என்றாள் பென்சில்.

"முனையில பிடிக்காம வேற எங்கடி பிடிக்கிறது?"

"பத்துல பிடிங்க. முனையில இருக்கிற கொக்கி நூறு தடவை கீழ விழுந்து ஆடிப்போயிருக்கு. ஒரு நேரம் கூடக் காட்டும், ஒரு நேரம் குறையக் காட்டும். அதனால பத்துன்னு போட்ட கோட்டைப் பலகை ஓரத்துல வெச்சு அளக்கணும். அந்தப் பக்கம் நூத்தி அறுபதுன்னு காட்டுனா உண்மையில நூத்தி அம்பது."

"அப்ப நான் நூத்தி அம்பதுன்னு சொல்லணும்."

"அய்யோ, சொல்லவே கூடாது! டேப்ல என்ன தெரியுதோ அதை அப்படியே சொல்லணும். பத்தைக் கழிக்கிறது வெட்டுறவங்க வேலை. அளக்கிறவங்க கழிச்சா, வெட்டுறவங்களும் கழிச்சா, பலகை போச்சு. சந்தேகம் இருந்தா வெட்டுறவங்க 'பத்தோடயா, பத்தில்லாமயா'ன்னு திருப்பிக் கேக்கணும். இது இங்க சட்டம்."

"ஒரு அளவைச் சொல்றதுக்கு இத்தனை சட்டமா?"

"நீங்க சேலைக்கு முந்தானை எந்தப் பக்கம்னு ஒரு மணி நேரம் பேசுவீங்களே, அப்ப நான் ஏதாச்சும் கேட்டேனா?"

ஜவுளி பிடித்த பிடியை விடுகிற ஆள் இல்லை. உள்ளங்கையில் கொப்புளம் வந்து உடைந்து, அதன்மேல் இன்னொரு கொப்புளம் வந்தது. உளி தீட்டக் கற்றுக்கொள்ள மூன்று வாரம் ஆனது. கால் கடுக்க நின்று பழகியவர் என்பதால் நிற்பது ஒன்றுதான் அவருக்குச் சுலபம். மதியம் எல்லாரும் ரொட்டியும் அவித்த முட்டையும் தின்றுவிட்டு மரத்தூள் மூட்டைமேல் சாயும்போது, அவர் மட்டும் வீணாய்ப் போன துண்டுகளைப் பொறுக்கிவந்து கோடு போட்டு, அறுத்து, மறுபடி கோடு போட்டுக்கொண்டிருப்பார்.

"கொஞ்சம் சாயுங்களேன்யா, மரம் எங்கயும் ஓடிப்போகாது," என்பேன்.

"மரம் ஓடாதுண்ணே. நாள் ஓடுதே."

அவருக்கு நாள்தான் கணக்கு. ஏனென்றால் அந்தக் கடைசிச் சனிக்கிழமைக்கு மறுபக்கத்தில் மச்சான் காத்துக்கொண்டிருந்தார். மனைவியின் அண்ணன். எட்டு மணி நேரம் பஸ்ஸில் போகிற ஊரில் அவருக்கு ஒரு பெரிய கிடங்கு. அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், ராப்பகல் அங்கேயே இருக்க வேண்டும், ஒரு கட்டிலும் ஸ்டவ்வும் கொடுப்பார். வருஷத்துக்கு இரண்டு முறை வீட்டுக்கு வரலாம். "சனிக்கிழமை வரைக்கும் உங்களுக்காக வேற ஆள் போடாம வெச்சிருக்கேன் மாப்பிள்ளை," என்று சொல்லியிருந்தார். மனுஷன் கெட்டவர் இல்லை. நல்லவர்களோடுதான் மல்லுக்கட்ட முடிவதில்லை.

ஜவுளியின் மனைவிக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. என்னை அண்ணே என்பாள், நான் தங்கச்சி என்பேன். அவள் அழவும் இல்லை, போ என்றோ இரு என்றோ சொல்லவும் இல்லை. ஒருநாள் படி ஏறும்போது ஜன்னல் வழியாக அவள் குரல் கேட்டது: "மூணு தட்டு போடுற வீட்டுல ரெண்டு தட்டு போட எனக்குக் கை வராதுங்க. அதை மட்டும் மனசுல வெச்சுக்கிட்டு வேலையைக் கத்துக்கோங்க."

இப்படி வந்து சேர்ந்தது அந்தக் கடைசி வாரம். மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்று. சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் சாவியைக் கொடுக்க வேண்டும். மழை பிடித்துக்கொண்டு விடவே இல்லை. மழைக்காலத்தில் மரம் ஊதும், பசை காயாது, என் வார்னிஷ் வெளுத்துப் போகும். நான் ஊரையே திட்டிக்கொண்டிருந்தேன்.

கடைக்காரருக்கு ஒரே ஒரு ஆசை. கவுண்டரின் மேல்பலகை ஒட்டுப் போடாத ஒரே துண்டுத் தேக்காக இருக்க வேண்டும். அப்படி ஒரு பலகை கிடைக்க ஐந்து வாரம் ஆனது. அது பட்டறைக்கு வந்தபோது ரேகை ஓடிய அழகைப் பார்த்து நான் கையைத் துடைத்துக்கொண்டுதான் தொட்டேன்.

புதன்கிழமை கவுண்டரின் அடிப்பெட்டிகளைக் கடையில் வைத்து நிறுத்திவிட்டோம். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் ஆள் நுழையும் வழி. இனி மேல்பலகைக்கு அளவெடுத்துப் பட்டறைக்குச் சொன்னால், அங்கே பென்சில் வெட்டி வைப்பாள். நான் டேப்பின் பத்தை வழியோரத்தில் பிடித்தேன். ஜவுளி மறுமுனையைச் சுவரில் மடக்கிப் பார்த்தார். இருநூற்று ஐம்பது. நானும் எட்டிப் பார்த்தேன், இருநூற்று ஐம்பதுதான்.

அவர் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். தகரக் கூரையில் மழை கொட்டுகிற சத்தத்தில் அவர் என்ன சொன்னார் என்பது எனக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

வியாழக்கிழமை மதியம் பலகை வந்து இறங்கியது. நாலு பேர் பிடித்து அடிப்பெட்டிமேல் வைத்தோம். வழியோரத்தில் ஓரம் சரியாக உட்கார்ந்தது. சுவரோரத்தில் பார்த்தால், பலகைக்கும் சுவருக்கும் நடுவே என் கை நுழைகிற இடைவெளி. பென்சில் டேப்பைப் போட்டாள். பத்து சென்டி. துளி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

யார் முகத்திலும் ஈயாடவில்லை. பத்து என்ற அந்த எண்ணைப் பார்த்ததுமே என்ன நடந்தது என்று எங்கள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. வேறு தொழில்காரனாக இருந்தால் ஐந்து குறைத்திருப்பான், ஏழு குறைத்திருப்பான். சரியாகப் பத்து குறைப்பது நாங்கள் மட்டும்தான்.

"என்ன அளவு சொன்னீங்க?" முதலாளியம்மாவின் குரல் இறங்கியிருந்தது.

"இருநூத்தி நாப்பது," என்றார் ஜவுளி.

"டேப்ல?"

"இருநூத்தி அம்பது."

"பின்ன எதுக்குக் கழிச்சீங்க? மூணு மாசமா என்ன பாடம் படிச்சீங்க?"

ஜவுளி மகளைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். "அவளுக்கு ரெண்டு நாளா ஜுரம்மா. மாத்திரை போட்டுக்கிட்டு மிஷின்ல நின்னா. சின்ன வயசுல அவளுக்குக் கழித்தல் மட்டும் வரவே வராது. கடன் வாங்கிக் கழிக்கச் சொன்னா அழுவா. வீட்டுப்பாடத்துல அவங்கம்மாவுக்குத் தெரியாம நான்தான் விடையைச் சொல்லுவேன். பாவம், தலைவலியோட எதுக்குக் கழிக்கணும்னு... கழிச்சே சொல்லிட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த ஆளைக் கட்டிப்பிடிக்கலாமா, உளிப்பிடியால் இரண்டு போடலாமா என்று தெரியவில்லை.

"தப்பு முழுக்க என்னோடது," என்று ஜவுளி சொல்லி முடிப்பதற்குள் பென்சில் முன்னால் வந்தாள். "இல்லம்மா. ஒரே பலகை, வெட்டுறதுக்கு முன்னாடி நான் திருப்பிக் கேட்டிருக்கணும். வேற யாரா இருந்தாலும் கேட்டிருப்பேன். அப்பாதானேன்னு கேக்கல."

"நீ சும்மா இரு பாப்பா."

"நீங்க சும்மா இருங்க. இங்க நான் உங்களுக்குப் பாப்பா இல்ல."

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க," என்றார் முதலாளியம்மா. "பந்தியில எனக்குப் போடு எனக்குப் போடுன்னு அடிச்சுக்கிற மாதிரி தப்புக்கு அடிச்சுக்கிறீங்க. சனிக்கிழமைக்குள்ள இன்னொரு பலகைக்கு நான் எங்க போவேன்?"

ஒட்டுப் போடலாம் என்றான் ஒருவன். ஒட்டுப் போட்டால் கடைக்காரர் எங்களை ஓட்டிவிடுவார் என்றேன் நான். ஜவுளி அந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கவுண்டருக்கு உள்பக்கம் போய், கடை ஆள் நிற்கிற இடத்தில் நின்றார். அதுவரை பட்டறையில் நான் பார்த்திராத ஆள் அது. முதுகு நிமிர்ந்துவிட்டது, கை இரண்டும் தானாகப் பலகைமேல் விரிந்துவிட்டன. பதினெட்டு வருஷ நிற்பு.

"அம்மா, இன்னைக்குக் காலையில இருந்து இந்தக் கடையை எட்டிப் பாக்க எத்தனை பேர் வந்தாங்க?"

"நான் எண்ணிக்கிட்டா இருந்தேன்?"

"ஆறு பேர். ஆறு பேர் கையிலயும் சொட்டச் சொட்டக் குடை. ஆறு பேரும் எங்க வெச்சாங்க தெரியுமா? இந்தச் சுவர் மூலையில, கவுண்டர்ல சாய்ச்சு. கடை திறந்தா, கண்ணாடி போட்டுப் பாக்க ரெண்டு கையும் வேணும், குடையை வேற எங்க வைப்பாங்க? எங்க கடையில ஒவ்வொரு மழைக்கும் நாலு துணி நனைஞ்சு வீணாப் போகும். இங்க இந்தப் பலகைதான் நனையும். சுவரோரம் இப்ப ஒரு அடைப்புப் பலகை நிக்குது, அதுவும் பத்து சென்டிதான். அதை எடுத்துட்டு, தரைவரைக்கும் ஒரு குடைப்பெட்டி. கீழ தண்ணி விழ ஒரு தகரத் தட்டு, இழுத்து ஊத்திடலாம். முன்னாடி பை மாட்ட ஒரு கொக்கி. மேல்பலகை முழுசா, ஒட்டில்லாம நிக்கும்."

முதலாளியம்மா டேப்பை வாங்கி அந்த அடைப்புப் பலகையை அளந்து பார்த்தார். கடைக்காரர் சாயங்காலம் வந்தபோது ஜவுளியே முன்னால் போனார். பூசி மெழுகுவார் என்று நினைத்தேன். "ஐயா, உங்க பலகையைப் பத்து சென்டி குறைச்சு வெட்டிட்டோம். எங்க தப்பு," என்றுதான் ஆரம்பித்தார். கடைக்காரர் தாம்தூம் என்று குதித்தார். குதித்து முடிக்கும்வரை ஜவுளி காத்திருந்தார். பிறகு, கடைக்காரர் சுவரோரம் சாய்த்திருந்த குடையைக் காட்டினார். அதிலிருந்து ஓடிய தண்ணீர் தேக்குப் பலகையின் அடிவரை வந்திருந்தது. பேசிப் பேசி, கால் மணி நேரத்தில் அந்த மனுஷன் வாயாலேயே "கொக்கி ரெண்டா போட்டுடுங்க" என்று வரவழைத்துவிட்டார்.

எங்கள் ஆட்கள் கைதட்டாத குறைதான். முதலாளியம்மா மட்டும் அசையவில்லை.

"நல்லா பேசினீங்க. ஆனா நான் பேச ஆள் எடுக்கல, மரவேலைக்கு ஆள் எடுக்கறேன். அந்தப் பெட்டியை நீங்களே செய்யணும். தனியா. உங்க பொண்ணு ஒரு விரல் வைக்கக் கூடாது. அந்தச் சுவர் கோணல், பலகை அதோட ஒட்டி நிக்கணும். பட்டி பூசி இடுக்கை மறைக்கிறது, மேல மெல்லிசுப் பட்டை அடிச்சு மூடுறது எதுவும் நடக்காது. சனிக்கிழமை காலையில பாத்துட்டு உங்க விஷயத்தைச் சொல்றேன்."

அன்று ராத்திரி நான் படி ஏறும்போது ஜன்னலில் இன்னொரு குரல் கேட்டது. மச்சான் நேரிலேயே வந்துவிட்டார், ஆப்பிள் பையோடு. மேலே போகாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். செருப்பில் சேறு, துடைத்துக்கொண்டிருந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

"மாப்பிள்ளை, நான் குத்திக்காட்டுறேன்னு நினைக்காதீங்க. நாப்பத்து மூணு வயசுல பொண்ணு முன்னாடி கைகட்டி நின்னு திட்டு வாங்கணுமா? என்கூட வாங்க. மரியாதையா உக்காந்திருக்கலாம்."

"உக்காந்திருக்கலாம், சரிதான் மச்சான். உக்காந்து என்ன பண்ணட்டும்?"

"என்ன பண்ணணும்? ஒண்ணும் பண்ண வேணாம். கிடங்கைப் பாத்துக்கிட்டா போதும்."

"அதான் எனக்குப் பயமா இருக்கு."

சோறு பரிமாறுகிற கரண்டிச் சத்தத்துக்கு நடுவே ஜவுளியே தொடர்ந்தார்.

"நாளைக்கு ஒரு நாள் கொடுங்க மச்சான். என்னால முடியலன்னா சனிக்கிழமை உங்ககூட பஸ் ஏறுறேன். வாய் வார்த்தையா சொல்லல, பையை எடுத்து வெச்சுட்டேன் பாருங்க."

"அப்பா!" என்றாள் பென்சில்.

"நீ சாப்பிடு. ஜுரத்தோட வெறும் வயித்துல இருக்காத."

"அவரு மனசு வெச்சுட்டாருண்ணே," என்றாள் தங்கச்சி, அவளுடைய அண்ணனிடம். "ரெண்டு நாள் இருந்துட்டுப் போ. எப்படியும் தட்டு கூடப் போட்டாச்சு."

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கே ஜவுளி கடையில் இருந்தார். நான் அங்கேயே பலகைக்கு மெருகு போட வேண்டியிருந்ததால் முழுக்கப் பார்த்தேன். பெட்டியின் மூன்று பக்கம் மதியத்துக்குள் முடிந்துவிட்டது. மூலை மட்டம் வைத்துப் பார்த்தேன், குறை சொல்ல ஆசைப்பட்டும் முடியவில்லை. சிக்கல் சுவரோடு ஒட்ட வேண்டிய பலகையில்தான். அந்தச் சுவர் மேலே உள்வாங்கி, நடுவில் வயிறு தள்ளி, கீழே மறுபடி உள்ளே போகிறது. கட்டியவன் எந்த மயக்கத்தில் கட்டினானோ!

அதற்கு ஒரு வழி உண்டு. பலகையைச் சுவரிலிருந்து ஒரு விரல் தள்ளி நேராக நிறுத்த வேண்டும். ஒரு சிறு கட்டையில் பென்சிலை வைத்து, கட்டை சுவரைத் தொட்டபடியே மேலிருந்து கீழே இழுத்துவந்தால், சுவரின் வளைவு அப்படியே பலகையில் கோடாக விழும். அந்தக் கோட்டில் செதுக்கினால் பலகை சுவரோடு போய் உட்காரும். சொல்வதற்கு இவ்வளவுதான். செய்யும்போது கை ஒரு நூல் நடுங்கினாலும் வெளிச்சம் தெரியும்.

முதல் பலகை போனது. கோட்டைத் தாண்டிச் செதுக்கிவிட்டார். இரண்டாவது பலகையில் பழைய வியாதி வந்தது. ஒரு விரற்கடை கூட விட்டு, பிறகு அதைக் குறைக்கப் போய்க் கீழ்ப்பகுதி பிளந்துவிட்டது. மணி மூன்று. மழை வேறு.

பென்சில் எதிர்ச் சுவரில் கண்ணாடித் தட்டுகளைப் பொருத்திக்கொண்டிருந்தாள். இரண்டாவது பலகை பிளந்த சத்தத்துக்குத் திரும்பினாள். உதடு துடித்தது. அவளுக்கு அது பத்து நிமிஷ வேலை. இரண்டடி எடுத்துவைத்தவளை நான் பிரஷ்ஷால் மறித்தேன்.

"கிட்ட போகாதே."

"பெரியப்பா, உளியைச் சாய்ச்சுப் பிடிக்கிறாரு. நேராப் பிடிச்சாப் போதும். அது ஒண்ணு மட்டும் சொல்லிட்டு வந்துடறேன்."

"நீ சொன்னா அது உன் பெட்டி. அவருக்கு அவரோட பெட்டி வேணும்."

அவள் திரும்பிப் போய்விட்டாள். முதுகு குலுங்கியது. கண்ணாடித் தட்டை மட்டும் ஆடாமல் பிடித்திருந்தாள்.

ஜவுளி கீழே உட்கார்ந்து, வீணான இரண்டு பலகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு பிளந்த பலகையிலேயே உளியை வைத்து, சாய்த்து ஒரு செதுக்கு, நேராக ஒரு செதுக்கு, மறுபடி சாய்த்து, மறுபடி நேராக. இப்படி ஒரு மணி நேரம். "அட," என்றார் ஒரு தடவை, யாரிடமும் இல்லை. எழுந்து முகத்தைக் கழுவி, மூன்றாவது பலகையை எடுத்துச் சுவரோரம் நிறுத்தினார். அன்று ஆறு மணிக்கு நான் கிளம்பும்போது கோட்டுக்குப் பாதி வந்திருந்தார். அவசரமே இல்லை. பொடிப் பொடியாக உதிர்ந்துகொண்டிருந்தது.

சனிக்கிழமை காலை மழை விட்டிருந்தது. ஒன்பது மணிக்குத் தங்கச்சியும் மச்சானும்கூட வந்து கடைவாசலில் ஒரு ஓரமாக நின்றார்கள். மச்சான் காலடியில் பஸ் ஏறத் தயாராக இரண்டு பை. ஒன்று ஜவுளியுடையது.

முதலாளியம்மா உள்ளே வந்தார். மேல்பலகையைத் தடவினார். கொக்கி இரண்டையும் இழுத்துப் பார்த்தார். தகரத் தட்டை உருவி, உள்ளே விட்டு, மறுபடி உருவினார். பிறகு கைப்பையிலிருந்து ஒரு பில் காகிதத்தை எடுத்து, சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே மேலிருந்து கீழே நுழைக்கப் பார்த்தார். மேலே நுழையவில்லை. வயிறு தள்ளிய இடத்தில் நுழையவில்லை. கீழே, தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் காகிதம் உள்ளே போய்விட்டது.

ஜவுளி கண்ணை மூடிக்கொண்டார்.

"இங்க என்ன ஆச்சு?"

"அந்த இடத்துல உளி வழுக்கிடுச்சும்மா."

"அடைக்கத் தோணலையா? ஒரு துளி பட்டி வெச்சா எனக்கே தெரிஞ்சிருக்காது."

"நீங்க வேணாம்னு சொன்னீங்க. அதோட, அது எங்க தப்பா இருக்குன்னு எனக்குத் தெரியணும்ல. அடுத்த பெட்டியில அந்த இடத்துல நின்னு செய்யணும்."

"அடுத்த பெட்டியா?"

"எங்க செய்வேனோ தெரியாது. செய்வேன்."

முதலாளியம்மா காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். அதே பையிலிருந்து வேறு ஒரு தாளை எடுத்துக் கவுண்டரின்மேல் விரித்தார். தொழில் பழகுபவருக்கான ஒப்பந்தப் பாரம். "கையெழுத்துப் போடுங்க," என்றார். "காகிதம் ஒரு இடத்துலதான் போச்சு. நான் உளி பிடிச்ச முதல் வருஷத்துல இடுக்குல உள்ளங்கையே போகும்."

ஜவுளி சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். கையெழுத்தைப் போட்டார். எனக்கு ஒரு கூச்சலே போடத் தோன்றியது. போட்டும்விட்டேன்.

"இருங்க, இன்னும் முடியல," என்றார் முதலாளியம்மா. "இந்தப் பாரம் பதினாறு வயசுப் பசங்களுக்காக அடிச்சது. கீழ ஒரு கட்டம் இருக்கு பாருங்க, பொறுப்பாளர் கையெழுத்துன்னு. வெறுமையா விட்டா மரவேலைச் சங்கத்துல திருப்பி அனுப்பிடுவான். உங்க அப்பா அம்மா யாராச்சும்?"

"ரெண்டு பேரும் இல்லம்மா."

ஜவுளி வாசலைப் பார்த்தார். மச்சான் ஒரு அடி முன்னால் வைத்தார். நல்ல மனுஷன் என்று அதனால்தான் சொன்னேன். ஆனால் அதற்குள் பென்சில் கண்ணாடித் தட்டை இறக்கிவைத்துவிட்டு, கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு கவுண்டருக்கு வந்துவிட்டாள். அப்பா கையிலிருந்த பேனாவை வாங்கினாள். ஒரு எழுத்து விடாமல் பாரத்தை மேலிருந்து படித்தாள். ஒழுங்காக வேலைக்கு வருவார், கருவிகளைப் பத்திரமாக வைத்துக்கொள்வார், மூன்று வருஷமும் பாதியில் விட்டுப் போகமாட்டார், இதற்கெல்லாம் கீழே கையெழுத்திடுபவர் பொறுப்பு.

"போகமாட்டீங்கல்ல?" என்று கேட்டாள்.

"போகமாட்டேன்," என்றார் ஜவுளி. அழுதுகொண்டுதான் சொன்னார். மறைக்கவில்லை.

அவள் குனிந்து கையெழுத்துப் போட்டாள். பக்கத்துக் கட்டத்தில் 'உறவு' என்று இருந்தது. பேனாவை அழுத்திப் பிடித்து, நன்றாகத் தெரிகிற மாதிரி எழுதினாள்: மகள்.